நம் ஊர் வந்த கதை

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். அதற்குள் நம்முடைய தானா ராத்தா பட்டணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பஹாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஒரு பக்கம் பேராக்கும் மறுபக்கம் கிளந்தானும் தொடுகிற இடத்தில், ஒரு பெரிய தெருவும் சில சின்னத் தெருக்களும் கொண்ட ஊர். சம்பள நாளில் சாமான் வாங்கப் போகிற ஊர். ஆஸ்பத்திரிக்கும் அடையாளக் கார்டுக்கும் போகிற ஊர். நம்மில் பலருக்கு அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க நேரம் இருந்ததில்லை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள், "நம் ஊருக்கு முதன்முதலில் வந்தது யார்?" என்று கேட்டேன். "கேமரன் துரை, டீச்சர்!" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும், "அப்போ பூர்வகுடி அங்கிள்மாருங்க எப்போ டீச்சர் வந்தாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. செமாய் மக்கள் எந்தத் துரைக்கும் முன்பே இந்த மலைகளில் வேட்டையாடி, பயிர் செய்து, வாழ்ந்து வந்தவர்கள். ஒவ்வோர் ஓடைக்கும் அவர்கள் மொழியில் பெயர் உண்டு. அந்த மக்களிடமிருந்து நாடாளுமன்ற மக்களவைக்கு ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட 2019-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்றார். அதுவும் நம்முடைய கேமரன் மலைத் தொகுதியில்தான்.

சரி, கேமரன் துரைக்கு வருவோம். வில்லியம் கேமரன் அரசாங்க நில அளவையாளர். 1885-ஆம் ஆண்டு பஹாங்குக்கும் பேராக்குக்கும் எல்லை எது என்று அளக்க வந்தார். கூலுப் ரியாவ் என்ற மலாய்க்காரரும் அவரோடு வந்தார். மலைகளுக்கு நடுவே மெல்லச் சரிந்து கிடக்கிற ஒரு மேட்டு நிலத்தைக் கண்டதாகக் கேமரன் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். எழுதினாரே தவிர, அந்த இடம் எங்கே என்று படத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. ஆகவே ஏறத்தாழ நாற்பது ஆண்டு அந்த மேட்டு நிலம் அரசாங்கத்துக்குக் காணாமல் போன நிலமாகவே இருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்தவர் கதை இவ்வளவுதான். கூட நடந்த கூலுப் ரியாவ் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கே வந்து பார்த்தார். கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்தவர் அவர். இந்தியாவிலே சிம்லா, உதகமண்டலம், இலங்கையிலே நுவரெலியா என்று வெயிலுக்குத் தப்பி வெள்ளைக்காரர்கள் மலை ஏறுவது அந்தக் காலத்து வழக்கம். மலாயாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார் மேக்ஸ்வெல். சராசரி வெப்பம் பதினெட்டு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் கிடைத்தால் விடுவார்களா? நெளிந்து வளைந்த மலைகளுக்கு இடையே கொஞ்சம் சமதளம் இருந்த இடத்துக்கு மலாய்ப் பெயர் தானா ராத்தா. சமநிலம் என்று பொருள். தட்டையான தரை இருந்ததுதான் நம் பட்டணம் இங்கே உண்டானதற்குக் காரணம்.

ஆனால் தரை இருந்தால் மட்டும் ஊர் உண்டாகிவிடுமா? ரோடு வேண்டாமா? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். (வாந்தி எடுக்காமல் தாப்பா போய்ச் சேர்ந்த பிள்ளைகள் கை தூக்குங்கள் பார்ப்போம்! ஓ, மூன்று பேர்தான்.) அந்த ரோட்டு வேலை 1928-இல் தொடங்கியது. 1931-இல் வண்டி மேலே வந்து சேர்ந்தது. கீழே காட்டில் மலேரியாக் காய்ச்சல். மேலே மழையும் மண்சரிவும். பாறையை உடைத்து, ஆற்றுக்குப் பாலம் கட்டி, மலையின் விலாவைச் செதுக்கிச் செதுக்கி அதைப் போட்டார்கள். ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் பெயர் இல்லை. அந்த ஆண்டுகளில் மலாயாவின் ரோட்டிலும் ரயில் பாதையிலும் வேலை செய்தவர்களில் தமிழர் எத்தனை ஆயிரம் என்பது சரித்திரம் படித்த யாருக்கும் தெரியும். தாப்பா ரோட்டில் எந்த வளைவில் யார் காய்ச்சல் கண்டு செத்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ரோடு மேலே வந்து சேரும் முன்பே தேயிலை வந்துவிட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து, ஹாபு பக்கத்தில் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. அதைத் தொடங்கியது அகர்வால் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இந்தியர். இதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும், மலையில் முதலாளி என்றால் எல்லாரும் வெள்ளைக்காரர் இல்லை. பிறகு புளூ வேலி, சுங்கை பலாஸ் என்று மலை மலையாகப் பச்சை விரிந்தது.

தேயிலை நடுவது என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கே மறந்து வருகிறது. காட்டை வெட்டி, எரித்து, சரிவிலே கயிறு பிடித்துக் குழி தோண்டி, கன்று வைக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டு பொறுத்தால்தான் ஒழுங்காகக் கொழுந்து கிடைக்கும். மரமாக வளரக்கூடிய செடி அது. சில ஆண்டுகளுக்கு ஒரு தரம் கவாத்து வெட்டி வெட்டி இடுப்பளவு நிற்க வைத்திருக்கிறோம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கும். ஆக, இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் போட்டோ பிடிக்கிற பழைய மலைகளில் சில செடிகள், உங்கள் கொள்ளுத் தாத்தா கையால் குழி தோண்டி வைத்ததாகவே இருக்கலாம்.

என் பாட்டி இந்த மலையில் பிறந்தவர். "ரெண்டு இலை ஒரு மொட்டு" என்று சொல்லிக்கொண்டே பறிப்பார்களாம். கங்காணி பின்னால் வந்து கூடையைக் கிளறிப் பார்ப்பார். முற்றின இலை இருந்தால் நிறுவையில் கழித்துவிடுவார். மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் எடை என்று தனியாக ஒரு கழிவு. "மழையும் நம்ம தலையில, கழிவும் நம்ம தலையில" என்று பாட்டி சொல்லும். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலை வெளியே வரும். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் பட வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். காற்றுப் படுகிற நேரத்தில்தான் பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறி வாசம் பிடிக்கிறது. அந்த வாசத்தைக் காற்றிலே பிடித்தே இன்றைக்கு என்ன தரம் என்று சொல்லுகிற பெரியவர்கள் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் அதற்குக் கருவி வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்துதான் அதிகம் பேர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கினார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய் பார்க்க நிறுத்தி வைத்தார்கள். பிறகு ரயில், தாப்பா ரோட் ஸ்டேஷன், லாரி. ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டாலே கண் கலங்குகிற கிழவிமார்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

வந்தவர்களில் நேரே தேயிலைக்கு வந்தவர்களும் உண்டு, ரப்பரை விட்டு ஏறி வந்தவர்களும் உண்டு. 1930-இல் உலகமெங்கும் மந்தம் வந்தது. ரப்பர் விலை படுத்துவிட்டது. கீழே சில மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த நாள் கூலியை 40 காசு, 32 காசு என்று வெட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பியும் அனுப்பினார்கள். என் பாட்டனார் பீடோர் பக்கத்தில் பால் மரம் வெட்டியவர். திரும்பிப் போக மனமில்லாமல் மலை ஏறினார் என்பது எங்கள் வீட்டுக் கதை. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு இந்த மலையில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள்தான். இந்த ஒரு விஷயத்தை நம் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டும். "நீ எங்கேயிருந்து வந்தே?" என்று யாராவது கேட்டால், நான்கு தலைமுறைக் கணக்கு நம் கையில் இருக்கிறது.

ஊர் மெல்ல வளர்ந்தது. துரைமார்களுக்கு பங்களா, கோல்ப் மைதானம், 1937-இல் ஸ்மோக் ஹவுஸ் விடுதி. அந்தப் பக்கம் நம்மவர்கள் போனது தோட்ட வேலைக்கும் சமையலுக்கும்தான். நமக்கு லயம், பெரட்டுக் களம், கோயில். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி. மலை இருக்கிற இடத்தில் முருகன் இல்லாமல் இருப்பானா?

பள்ளிக்கூடமும் அப்படித்தான் வந்தது. ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. சட்டம் சொன்னது பள்ளி, பல தோட்டங்களில் கிடைத்தது ஆயாக் கொட்டகையின் ஓரம். கிராணியோ, கொஞ்சம் எழுத்துத் தெரிந்த கங்காணியோ வாத்தியார். மணலில் விரலால் "அ" எழுதினார்கள். அந்தப் பள்ளிகளைக் கேலி செய்வது சுலபம். அந்த மணலில் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருத்திதான் சான்றிதழ் வாங்கி இந்த மேடையில் நின்று பேசுகிறேன்.

பிறகு ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் தொடங்கி 1945 வரை. தேயிலைக்கு விலையில்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948-இல் அவசரகாலம். பன்னிரண்டு வருஷம். அரிசியை எண்ணிக் கொடுத்தார்கள், இருட்டினால் வெளியே வரக்கூடாது, காட்டு ஓரத்து லயங்களுக்கு முள்கம்பி. "ராணுவக்காரனுக்கும் பயம், காட்டுக்காரனுக்கும் பயம்" என்று பாட்டி சொல்லும். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடும்.

சுதந்திரம் வந்த பிறகு வந்த சோதனை வேறு மாதிரி. பிரஜாவுரிமைக்கு மனுப் போடாதவர்கள், பத்திரம் இல்லாதவர்கள் கையில் சிவப்பு அடையாளக் கார்டு. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் தோட்டங்களில் பல்லாயிரம் பேர் பெட்டி கட்டினார்கள். பிறந்த சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அண்ணன் ஊருக்குப் போனான், தம்பி இங்கே இருந்தான். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் இந்த மலையிலும் உண்டு. அவர்கள் இங்கே உட்கார்ந்திருப்பதால் நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஒரு காகிதம் இல்லாததால் ஒரு குடும்பம் இரண்டாக உடையும் என்று நம் சரித்திரமே சொல்லியிருக்கிறது. இன்றைக்கும் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் பிள்ளையை ஒன்றாம் ஆண்டுக்குக் கூட்டி வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். தயவு செய்து, தயவு செய்து, அந்த வேலையை முதலில் முடியுங்கள். எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன்.

1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி நம் ஊர் உலகப் பத்திரிகையில் வந்தது. ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டு வியாபாரி, தானா ராத்தாவில் ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி மக்கள், மந்திரவாதிகள் வரை தேடினார்கள். இன்று வரை கிடைக்கவில்லை. புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அவர் காணாமல் போனது வருத்தம்தான். ஆனால் தாப்பா ரோட்டில் காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை என்பது எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம்.

அறுபதுகளில் மின்சாரத்துக்காக ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டினார்கள். பஹாங்கில் பெய்கிற மழை மலைக்குள் குடைந்த சுரங்க வழியே பேராக் பக்கம் இறங்கி விளக்கு எரிய வைக்கிறது. நம் தண்ணீரும் நம்மைப் போலவே பேராக் வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது! முன்பெல்லாம் பஹாங்கிலேயே இருக்கிற கோல லிப்பிஸுக்குப் போகத் தாப்பாவுக்கு இறங்கி, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது சிம்பாங் பூலாய் வழியாக ஒரு ரோடும், சுங்கை கோயான் வழியாக ஒரு ரோடும் வந்துவிட்டன. அதே அணையில் காய்கறித் தோட்டங்களின் மண் வந்து படிந்து கொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மலையை எவ்வளவு சுரண்டலாம் என்பதற்கு அது ஒரு கணக்கு.

இப்போதைய நிலைமை உங்களுக்கே தெரியும். கையால் கிள்ளியது போய்க் கத்தரி வந்தது, கத்தரி போய் இரண்டு பேர் பிடிக்கிற மிஷின் வந்தது. மலையில் மிஷின் பிடிப்பவர்களில் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும் இந்தோனேசியாக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். வேண்டாம் கண்ணு. உன் கொள்ளுப் பாட்டன் இறங்கின லாரியில்தான் அவனும் இறங்கியிருக்கிறான். நம் வீட்டுப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். போகட்டும், முன்னேறட்டும். அதற்குத்தானே பள்ளிக்கூடம்? ஆனால் லயம் காலியாகும்போது அதில் இருந்தவர்களின் ஞாபகமும் காலியாகிறது. சென்ற தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பிய பெரியவர்களில் இரண்டு பேர் இந்த ஆண்டு இல்லை. ஒருவர் ஹாபுவில் முதல் கன்று வைத்தவரின் மகன். அவரிடம் கேட்க நினைத்த கேள்விகளை என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பதில் சொல்ல அவர் இல்லை.

ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலையில் இரண்டு இரண்டு பேராக உங்கள் வீட்டுக்கு வருவார்கள். கையில் நோட்டு இருக்கும். ஐந்து கேள்விதான் கேட்பார்கள். உங்கள் பெயர், அப்பா அம்மா பெயர். எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் வந்தார்கள். முதலில் செய்த வேலை. குடும்பத்தில் யாராவது இந்த மலையில் இறந்து எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். பழைய போட்டோ, கூலிச் சீட்டு, கப்பல் டிக்கெட்டு ஏதாவது பெட்டியில் இருக்கிறதா. இருந்தால் வாங்கிக்கொண்டு போக மாட்டோம், உங்கள் முன்னாலேயே போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.

"எனக்கு என்னம்மா தெரியும், நான் வெறும் கொழுந்து பறிச்சவ" என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொழுந்து பறித்த கதைதான் வேண்டும். வருஷம் ஞாபகமில்லையென்றால், "மூத்தவன் பிறந்த வருஷம்", "அணை கட்டின வருஷம்" என்று சொன்னால் போதும், கணக்குப் பார்ப்பது எங்கள் வேலை. சொல்ல விருப்பமில்லாத விஷயத்தைச் சொல்ல வேண்டாம், பிள்ளைகளும் கிண்டிக் கேட்க மாட்டார்கள். அப்படிப் பழக்கியிருக்கிறேன். ஒரு கப் தேத்தண்ணீர் மட்டும் கொடுங்கள், சீனி குறைவாக. ஒரே காலையில் ஐந்து வீடு போக வேண்டும் பாருங்கள்.

முதல் சனிக்கிழமை கோயில் பக்கத்து மேட்டு லயம். இரண்டாவது, ஸ்டோர் லயம். பட்டணத்துக்குக் குடிபோனவர்கள் வீட்டுக்கு மூன்றாவது வாரம் நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முகவரியை இன்றைக்குப் போவதற்குள் வாசலில் இருக்கும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முன்வரிசை பரிசு மேசையைப் பார்க்கிறது.